நாடும் வளநாடும்: சோழப் பேரரசின் ஆட்சிப் பிரிவுகளும் உள்ளூராட்சியும்

மாதோட்டத்திற் கிடைத்த தமிழ்ச் சாசனமொன்று, தாழி குமரன் என்பவன் அங்கு எடுப்பித்த இராசராசேச்சரம் என்னும் சிவாலயத்தைப் பற்றிக் கூறுகின்றது. அக்கோயிலைக் குறிப்பிடுமுன் அதனை எடுப்பித்தவன் யார் என்பதைச் சாசனம் ஒழுங்குமுறையாக அறிவிக்கின்றது. சோழ மண்டலம், அதனுள் சத்திரியசிகாமணி வளநாடு, அதனுள் வேளா நாடு, அதனுள் சிறுகூற்றநல்லூர், அவ்வூர்க் கிழவன் தாழி குமரன். கோயில் அமைந்த இடமும் அவ்வாறே ஈழமான மும்முடிச் சோழ மண்டலத்து மாதோட்டமான இராசராசபுரம் எனக் குறிக்கப்படுகின்றது. கடல் கடந்து வந்த ஒருவனுடைய முகவரியினுள் ஒரு பேரரசின் ஆட்சி அமைப்பு அடங்கிக் கிடக்கின்றது.

இம்முகவரியிலே இருவகைப் பெயர்கள் கலந்துள்ளன. வேளா நாடு, சிறுகூற்றநல்லூர் என்பன மக்கள் வழக்கில் வேரூன்றிய பெயர்கள். சத்திரியசிகாமணி என்பதோ முதலாம் இராசராசனின் விருதுப்பெயர். முன்னவை உழவர் குடியிருப்புக்களோடு வளர்ந்தவை. பின்னது அரண்மனையிலிருந்து வந்தது. சோழராட்சியின் இயல்பு பற்றி அறிஞரிடையே நீண்ட காலமாக நிலவிவரும் கருத்து வேறுபாடு, இவ்விரு வகைப் பெயர்களுள் எதற்கு முதன்மை அளிப்பது என்பதிலேயே தங்கியுள்ளது எனலாம். அரசன் வகுத்த பிரிவுகளை நோக்குவோருக்குச் சோழ அரசு வலிமை மிக்க மத்திய அரசாகத் தோன்றும். ஊரும் நாடும் தாமே இயங்கியமையை நோக்குவோருக்கு அது பெயரளவிலான பேரரசாகத் தோன்றும். இவ்விரு கோடுகளும் எங்கே சந்தித்தன என்பதையும், அச்சந்திப்பில் யாருடைய குரல் கேட்கப்பட்டது என்பதையும் ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

மண்டலமும் வளநாடும்

கி. பி. 850 ஆம் ஆண்டளவில் விசயாலயனால் தஞ்சையிலே தொடக்கிவைக்கப்பட்ட பிற்காலச் சோழராட்சி, முதலாம் இராசராசன் காலத்திலும் (985–1014) அவன் மகன் முதலாம் இராசேந்திரன் காலத்திலும் (1012–1044) பேரரசாக விரிவடைந்தது. வென்ற நாடுகளை ஆள்வதற்குப் பொதுவான சட்டகமொன்று தேவைப்பட்டது. அத்தேவையை நிறைவுசெய்த மேல்நிலை அலகே மண்டலமாகும். தொண்டை நாடு சயங்கொண்ட சோழ மண்டலம் ஆயிற்று. பாண்டி நாடு இராசராசப் பாண்டி மண்டலம் ஆயிற்று. கங்கபாடியின் தென்பகுதி முடிகொண்ட சோழ மண்டலம் எனவும், நுளம்பபாடி நிகரிலிச் சோழ மண்டலம் எனவும், ஈழம் மும்முடிச் சோழ மண்டலம் எனவும் வழங்கலாயின. பழைய அரசுகளின் எல்லைகள் பெரும்பாலும் அவ்வாறே விடப்பட்டன, பெயர்களே மாறின. வென்றவனின் விருது தோற்றவனின் நிலத்திற்குப் பெயராயிற்று.

இதனினும் ஆழமான மாற்றம் சோழ மண்டலத்தின் உள்ளேயே நிகழ்ந்தது. இராசராசன் தனது ஆட்சியின் நடுப்பகுதியில் மண்டலத்திற்கும் நாட்டிற்கும் இடையே வளநாடு என்னும் புதிய அலகொன்றை ஏற்படுத்தினான். அருமொழிதேவ வளநாடு, சத்திரியசிகாமணி வளநாடு, உய்யக்கொண்டார் வளநாடு, இராசேந்திரசிங்க வளநாடு, நித்தவினோத வளநாடு, பாண்டிகுலாசனி வளநாடு, கேரளாந்தக வளநாடு, இராசாசிரய வளநாடு என்பன அவற்றுட் சில. இவை யாவும் அவனுடைய பெயர்களும் விருதுகளுமேயாம். இவற்றின் எல்லைகள் வகுக்கப்பட்ட முறையே குறிப்பிடத்தக்கது. உய்யக்கொண்டார் வளநாடு அரிசிலாற்றுக்கும் காவிரிக்கும் நடுவிலுள்ளதெனத் தஞ்சைச் சாசனங்கள் விளக்குகின்றன. ஆறுகளையும் அவற்றின் கிளைகளையும் எல்லையாகக் கொண்டு நிலத்தைக் கூறுபடுத்தும் இம்முறை, முழு நிலப்பரப்பையும் ஒருங்கே கண்முன் கொண்ட ஒரு நிருவாகத்தினாலன்றி இயலாததாகும்.

வளநாடுகள் தோன்றிய காலமும், கி. பி. 1001 ஆம் ஆண்டளவில் இராசராசன் மேற்கொண்ட பெரும் நில அளவையின் காலமும் அடுத்தடுத்து அமைந்தமை தற்செயலானதன்று. அவ்வளவையில் வேலி என்னும் பேரலகு தொடக்கம் மிக நுண்ணிய பின்னங்கள் வரை நிலம் கணக்கிடப்பட்டது. ஊர்நத்தம், குளம், வாய்க்கால், சுடுகாடு முதலிய இறையிலி நிலங்கள் கழிக்கப்பட்டு, எஞ்சிய நிலத்துக்கு இறை விதிக்கப்பட்டது. அளந்த நிலத்தைப் பதிவுசெய்யவும், இறையைத் திரட்டவும், கணக்கைத் தணிக்கை செய்யவும் நாட்டினும் பெரிய, அதேவேளை மண்டலத்தினும் சிறிய அலகொன்று வேண்டியிருந்தது. ஆகவே வளநாட்டின் தோற்றத்துக்கு இறைவரியே முதற்காரணம் என்பது பொருந்தும்.

எனினும், மேலிருந்து வந்த பெயருக்குரிய பலவீனமும் வளநாட்டுக்கு இருந்தது. முதலாம் குலோத்துங்கன் (1070–1122) ஆட்சிக்கு வந்ததும், நிலம் மீண்டும் அளக்கப்பட்டதோடு வளநாடுகள் பலவும் புதுப்பெயர் பெற்றன. சத்திரியசிகாமணி வளநாடு குலோத்துங்கசோழ வளநாடு ஆயிற்று. இராசேந்திரசிங்க வளநாட்டின் ஒரு பகுதி விருதராசபயங்கர வளநாடு எனப்பட்டது. அரியணையில் இருந்தவன் மாறியபோது வளநாட்டின் பெயரும் மாறிற்று. அதனுள் அடங்கிய நாடுகளின் பெயர்களோ பெரும்பாலும் அவ்வாறே நிலைத்தன.

நாடு: கீழிருந்து வளர்ந்த அலகு

நாடு என்னும் பிரிவு சோழரால் ஏற்படுத்தப்பட்டதன்று. பல்லவர், பாண்டியர் காலச் சாசனங்களிலேயே அது காணப்படுகின்றது. சோழ மண்டலத்திலே கூற்றம் என்ற பெயரும் நாட்டுக்கு நிகராக வழங்கிற்று. தொண்டை மண்டலத்திலே பல நாடுகளை உள்ளடக்கிய கோட்டம் என்னும் பழம்பிரிவு இருந்தது; மரபு அவற்றின் தொகையை 24 எனக் கூறும்.

இந்நாடுகளைச் சாசனச் சான்றுகளைக் கொண்டு வரைபடத்தில் நிறுத்திக் காட்டிய பெருமை எ. சுப்பராயலு அவர்களுக்குரியது. 1973 ஆம் ஆண்டில் வெளிவந்த அவரது ஆய்வு, சோழ மண்டலத்தில் மட்டும் ஏறத்தாழ 140 நாடுகளை இனங்கண்டது. அவ்வரைபடங்கள் வெளிப்படுத்தும் உண்மைகள் இரண்டு இங்கு முக்கியமானவை. முதலாவது, நாடுகள் ஒரே அளவினவாக அமையவில்லை. காவிரிப் படுகையின் செழிப்பான பகுதிகளில் அவை சிறியனவாகவும் நெருங்கியனவாகவும் இருந்தன; வறண்ட புறப்பகுதிகளில் பரந்தும் ஐதாகவும் இருந்தன. இரண்டாவது, நாடுகள் ஆறுகளை எல்லையாகக் கொள்ளவில்லை. ஆற்றின் இருகரையிலும் பரந்த நாடுகளும் இருந்தன. எல்லைக்கோடு வரைந்து அமைத்த பிரிவாயின் இவ்வாறு அமைந்திராது. ஒரே நீர்ப்பாசன வசதியையும் உழவுத்தொழிலையும் உறவுமுறையையும் கொண்டு இணைந்த ஊர்களின் கூட்டமே நாடு என்பது இதனாற் பெறப்படும்.

ஆற்றை மக்கள் நோக்கிய முறையும் அரசு நோக்கிய முறையும் வேறுவேறாக இருந்தமை இங்கு தெளிவாகின்றது. உழவனுக்கு ஆறு இருகரைகளையும் இணைப்பது. ஒரே தலைமடையில் நீர் பெறுவோர் எக்கரையினராயினும் ஒரு கூட்டத்தினர். கணக்கனுக்கு ஆறு இருகரைகளையும் பிரிப்பது. மாறாத எல்லையாக ஏட்டிலே குறிக்கத்தக்கது. ஆற்றை எல்லையாகக் கொண்டு வளநாடு வகுக்கப்பட்டபோது, சில நாடுகள் இருவேறு வளநாடுகளுக்குள் பிரிந்து விழுந்தமை இம்முரண்பாட்டின் விளைவேயாகும்.

நாட்டின் பொதுக் கருமங்களை நாட்டார் என்னும் அவையினர் கவனித்தனர். நாட்டிலுள்ள ஊர்களின் நிலக்கிழார்களே இவ்வவையில் இடம்பெற்றனர். இறை திரட்டுதல், கோயில் அறங்களை மேற்பார்த்தல், அரசாணையை நிறைவேற்றுதல் என்பன இவர்களின் கடன்களாம். நாட்டார் ஒருபுறம் தம்முள் ஒருவராய் வளர்ந்த சமூகத்தின் தலைவர்கள். மறுபுறம் அரசனின் ஆணையைப் பெறுவோர். இவ்விரட்டை நிலையே சோழர் ஆட்சிமுறையின் அச்சாணி எனலாம்.

ஊரும் சபையும் நகரமும்

நாட்டின் உள்ளே மூவகை உள்ளூர் அவைகள் இயங்கின. வேளாண் ஊர்களில் ஊர் அல்லது ஊரார் என்பதும், பிராமணர்க்கு வழங்கப்பட்ட பிரமதேயங்களிலும் சதுர்வேதிமங்கலங்களிலும் சபை என்பதும், வணிகர் குடியிருப்புக்களில் நகரம் என்பதும் அவ்வவைகளாம். பெரிய சதுர்வேதிமங்கலங்கள் சில நாட்டின் ஆட்சியினின்றும் விலக்கப்பட்டுத் தனியூர் அல்லது தன்கூறு என்ற தகுதியைப் பெற்றன. காளியூர்க் கோட்டத்து உத்திரமேரூர் அத்தகையது.

உத்திரமேரூர்ச் சபையின் செயன்முறையே இவற்றுள் மிக விரிவாக அறியப்பட்டது. முதலாம் பராந்தகனின் 12 ஆம், 14 ஆம் ஆட்சியாண்டுகளில் (919, 921) அச்சபை செய்துகொண்ட இரு தீர்மானங்கள் சாசனங்களாகப் பொறிக்கப்பட்டுள்ளன. ஊர் 30 குடும்புகளாகப் பிரிக்கப்பட்டது. குடும்புதோறும் தகுதியுடையோரின் பெயர்கள் ஓலையில் எழுதப்பட்டுக் குடத்தில் இடப்பட்டன. எழுத்தறியாச் சிறுவன் ஒருவன் அவற்றுள் ஒன்றை எடுப்பான். அவ்வாறு தெரிவுசெய்யப்பட்டோர் சம்வற்சர வாரியம், தோட்ட வாரியம், ஏரி வாரியம், பஞ்சவார வாரியம், பொன் வாரியம் என்பவற்றில் ஓராண்டு பணிபுரிந்தனர். முன்னைய மூன்றாண்டுகளில் வாரியஞ் செய்தவர் மீண்டும் நிற்றலாகாது. வாரியஞ் செய்து கணக்குக் காட்டாது விட்டவரும், அவர்தம் நெருங்கிய உறவினரும் என்றென்றைக்கும் விலக்கப்பட்டனர். அதிகாரம் சிலர் கையிலேயே தங்கிவிடாதவாறும், பொதுப்பொருள் கையாடப்படாதவாறும் இடப்பட்ட இவ்வேலிகள் எக்காலத்தவரும் வியத்தற்குரியவை.

எனினும் இச்சாசனங்களில் அதிகம் பேசப்படாத செய்தியொன்றுண்டு. இரு தீர்மானங்களும் அரசனின் ஆணை வந்ததன் பின்னரே செய்யப்பட்டன. முதன்முறை தத்தனூர் மூவேந்த வேளானும், இரண்டாம் முறை சோமாசிபெருமான் என்னும் அதிகாரியும் அரசன் சார்பில் உடனிருந்தனர். 919 ஆம் ஆண்டின் விதிகள் இரண்டே ஆண்டுகளில் திருத்தப்பட்டமை, முன்னைய ஏற்பாட்டிற் குறைகள் காணப்பட்டன என்பதையும், அவற்றைத் தீர்ப்பதில் அரசு அக்கறை கொண்டிருந்தது என்பதையும் உணர்த்துகின்றது. தீர்மானம் செய்தது சபை. செய்யுமாறு பணித்தது அரசு. ஆதலின் குடவோலை முறையை அரசின் தலையீடற்ற தன்னாட்சியாகக் கொள்வதும் பொருந்தாது. அரசு விதித்த ஒழுங்காக மட்டும் கொள்வதும் பொருந்தாது.

ஆணையும் அவையும் சந்தித்த இடம்

மேலிருந்து வந்த அதிகாரமும் கீழிருந்து வளர்ந்த அவையும் எவ்வாறு சந்தித்தன என்பதற்கு ஆனைமங்கலச் செப்பேடுகளினும் சிறந்த சான்று இல்லை. லெய்டன் பெருஞ் செப்பேடுகள் என வழங்கும் இவை, நாகபட்டினத்திலே சிறீவிசய அரசன் சூளாமணிவர்மன் பெயரால் எடுக்கப்பட்ட பௌத்த விகாரைக்கு, சத்திரியசிகாமணி வளநாட்டுப் பட்டினக் கூற்றத்து ஆனைமங்கலம் வழங்கப்பட்டமையைக் கூறுவன. தாழி குமரனின் ஊர் அடங்கிய அதே வளநாடுதான் இதுவும் என்பது நோக்கற்பாலது. இராசராசன் தனது 21 ஆம் ஆட்சியாண்டில் இக்கொடையை வாய்மொழியாகப் பணித்தான். திருமந்திர ஓலை எழுதுவோன் அதனை எழுத, ஓலைநாயகங்கள் ஒப்பமிட, புரவுவரித் திணைக்கள அதிகாரிகள் வரிப்பொத்தகத்தில் பதிந்தனர். 97 வேலிக்கு மேற்பட்ட நிலமும், அதனின்று கிடைக்கும் 8,943 கலத்துக்கு மேற்பட்ட நெல்லும் கணக்கிற் காட்டப்பட்டன.

இதுவரை நிகழ்ந்தது அரண்மனையின் கருமம். ஆயின் ஏட்டிற் பதிந்ததனால் மாத்திரம் கொடை நிறைவேறிவிடவில்லை. பட்டினக் கூற்றத்து நாட்டாருக்குத் திருமுகம் அனுப்பப்பட்டது. அவர்கள் அதனை எதிர்கொண்டு தொழுது வாங்கித் தலைமேல் வைத்தனர். பின்னர் பிடியானையை நடத்தி ஊரெல்லையைச் சூழ்ந்து வந்து, கல்லும் கள்ளியும் நாட்டி, அறவோலை செய்து கொடுத்தனர். எந்த வயல் எந்த வாய்க்காலில் நீர் பெறுவது, எந்த வரம்பு யாருக்குரியது என்பதை அறிந்தவர்கள் அவர்களே. அரசனின் ஏட்டிலிருந்த ஆனைமங்கலத்தை மண்ணில் இருந்த ஆனைமங்கலமாக ஆக்கியது நாட்டாரின் அந்நடையேயாகும்.

இவ்வாறான சான்றுகளைக் கொண்டே அறிஞர்கள் இருவேறு முடிவுகளுக்கு வந்துள்ளனர். பேராசிரியர் கே. ஏ. நீலகண்ட சாஸ்திரி அவர்கள் 1930 களில் வெளியிட்ட சோழர் வரலாற்றில், ஆற்றல் மிக்க மத்திய அதிகாரவர்க்கமும் உயிர்ப்பு மிக்க உள்ளூராட்சியும் ஒருங்கே விளங்கிய அரசாகச் சோழ அரசைக் கண்டார். பேர்ட்டன் ஸ்ரைன் 1980 ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலில் இதனை மறுத்தார். அவர் கருத்துப்படி நாடுகளே உண்மையான அரசியல் அலகுகள். அவை தம்மளவில் நிறைவு பெற்றவை. மையப்பகுதிக்கு வெளியே சோழ மன்னனின் மேலாண்மை பெரும்பாலும் சடங்குவழிப்பட்டதே. நொபொரு கராஷிமாவும் சுப்பராயலுவும் சாசனங்களில் வரும் அதிகாரிகளின் பட்டங்களையும் வரிப்பெயர்களையும் காலவாரியாகத் தொகுத்தாராய்ந்து, இராசராசன் காலந்தொட்டு ஏறத்தாழ ஒரு நூற்றாண்டுக்கு மத்திய நிருவாகம் திட்டமாக வலுப்பெற்றிருந்தது எனக் காட்டினர்.

ஸ்ரைனின் வாதம் நாட்டின் பழமையையும் இயல்பான வளர்ச்சியையும் வலியுறுத்தியமையாற் பயனுடையது. ஆயினும் சடங்கு மேலாண்மை மட்டுமே உடைய அரசனொருவன் நுண்பின்னம் வரை நிலத்தை அளப்பித்திருத்தல் இயலாது. இறை கொடாதார் நிலத்தை விற்குமாறு ஊர்ச்சபைகளைப் பணித்த இராசராசனின் 24 ஆம் ஆட்சியாண்டு ஆணை உக்கல் சாசனத்தில் உள்ளது, அதுவும் சடங்கன்று. மறுபுறத்தில், நாட்டாரின்றி நிறைவேற இயலாத ஆணையை உடைய அரசை முழுமையான மத்திய அரசென்றும் கூறுதல் இயலாது. சோழ அரசின் வலிமை மேலும் இருக்கவில்லை, கீழும் இருக்கவில்லை. இரண்டும் ஒன்றையொன்று வேண்டிநின்ற இடத்திலேயே இருந்தது.

இச்சந்திப்பின் பொருளாதார முகம் தஞ்சைப் பெரிய கோயிலின் சாசனங்களில் வெளிப்படுகின்றது. கோயிலுக்கு அளிக்கப்பட்ட காசு, பல்வேறு நாடுகளைச் சேர்ந்த ஊரவைகளுக்கும் சபைகளுக்கும் கடனாக வழங்கப்பட்டு, காசொன்றுக்கு ஆண்டுதோறும் அரைக்கால் காசு, அதாவது நூற்றுக்குப் பன்னிரண்டரை வீத வட்டி பெறப்பட்டது. கோயிற் காவலுக்கு ஆள் அனுப்பும் பொறுப்பும் ஊரவைகளுக்கு விதிக்கப்பட்டது. ஊரையும் தலைநகரையும் பிணைத்த கயிறு இறைவரி மட்டுமன்று. கடனும் கோயிலும் அக்கயிற்றின் வேறு இழைகளாகும்.

அவைக்கு வெளியே நின்றோர்

சோழர்கால உள்ளூராட்சியைச் சனநாயகத்தின் தொட்டில் எனப் போற்றுவது பலருக்கும் வழக்கமாகிவிட்டது. அப்போற்றுதலை உத்திரமேரூர்ச் சாசனமே மறுக்கின்றது. வாரியத்திற்கு நிற்பவனுக்குக் கால்வேலிக்கு மேற்பட்ட இறைநிலம் இருத்தல் வேண்டும். சொந்த மனையில் வீடு இருத்தல் வேண்டும். 35 வயதுக்கு மேலும் 70 வயதுக்குள்ளும் இருத்தல் வேண்டும். வேதக்கல்வி இருத்தல் வேண்டும். கல்வியில் மிக்கவனுக்கு நிலத்தகுதி அரைக்கால் வேலியாகக் குறைக்கப்பட்டதே தவிர, நிலமே அற்றவனுக்கு இடமில்லை. பெண்களுக்கு இடமில்லை. நிலத்தை உழுதவர்கள் பெரும்பாலும் அந்நிலத்தின் உடையவர்களல்லர்; அவர்களுக்கும் இடமில்லை.

தஞ்சைச் சாசனங்களில் இறையிலியாகக் கழிக்கப்பட்ட நிலங்களின் பட்டியலை மீண்டும் நோக்குதல் தகும். ஊர்நத்தம், குளம், சுடுகாடு என்பவற்றோடு கம்மாணசேரியும் பறைச்சேரியும் அங்கே குறிக்கப்படுகின்றன. கம்மியரும் பறையரும் ஊர் அளக்கப்பட்டபோது கணக்கில் வந்தனர். ஊர் கூடியபோது அவையில் வரவில்லை. உயர்ந்த ஒழுங்கும் கடுமையான விலக்கும் ஒரே அமைப்பின் இருபக்கங்களாக இருந்தன.

வேளாண் ஊர்களின் நிலை சிறிது வேறுபட்டது. ஈசானமங்கலம் என்னும் பிரமதேயத்தையும் அல்லூர் என்னும் வேளாண் ஊரையும் ஒப்பிட்டாராய்ந்த கராஷிமா, முன்னதில் நிலம் தனியாருக்கு உரியதாகவும், பின்னதில் ஊராரின் பொதுவுரிமையில் தங்கியதாகவும் இருந்தமையைச் சுட்டினார். காலப்போக்கில் வேளாண் ஊர்களிலும் தனியுடைமை வளர்ந்தது. நிலம் விற்கப்படும் பொருளாகவும், சிலர் கையிற் குவியும் பொருளாகவும் மாறியபோது, நிலவுரிமையை அடித்தளமாகக் கொண்ட ஊரவையின் சமநிலையும் குலையத் தொடங்கியது.

ஈழத்தில் மும்முடிச் சோழ மண்டலம்

இம்முறை தான் வளர்ந்த மண்ணை விட்டு வேறொரு மண்ணில் இடப்பட்டபோது என்னவாயிற்று என்பதை அறிய ஈழம் நல்ல உரைகல்லாகும். 993 ஆம் ஆண்டளவில் இராசராசனின் படைகள் அனுராதபுர அரசின் வடபகுதியைக் கைப்பற்றின. 1017 ஆம் ஆண்டளவில் இராசேந்திரன் ஐந்தாம் மகிந்தனைச் சிறைப்பிடித்தான். பொலன்னறுவை சனநாதமங்கலம் எனப் பெயர் பெற்றது. மாதோட்டம் இராசராசபுரம் ஆயிற்று. கந்தளாயிலே இராசராசச் சதுர்வேதிமங்கலம் அமைந்தது. அதன் பெருங்குறிப் பெருமக்களைச் சோழ இலங்கேஸ்வரதேவன் காலத்துச் சாசனம் குறிப்பிடுகின்றது. திருகோணமலைக்கு அண்மையிலுள்ள வெல்கம் விகாரை இராசராசப் பெரும்பள்ளி எனப்பட்டது.

தஞ்சைப் பெரிய கோயிலுக்கு வருவாய் அளித்த ஊர்களுள் ஈழத்து ஊர்களும் இருந்தன. அவை அமைந்த பிரிவுகளைத் தஞ்சைச் சாசனம், மாப்பிசும்புகொட்டியாரமான இராசராச வளநாடு, கணக்கன்கொட்டியாரமான விக்கிரமசோழ வளநாடு எனக் குறிப்பிடுகின்றது. கொட்டியாரம் என்பது ஈழத்தில் முன்னரே வழங்கிய பிரிவுப் பெயர். சோழர் புதிய எல்லைகளை வகுக்கவில்லை. இருந்த பிரிவின் மேல் வளநாடு என்ற பெயரைச் சாத்தினர். தஞ்சையின் கணக்கனுக்கு இராசராச வளநாடு என்ற பெயர் போதுமாயிருந்திருக்கலாம். ஆயினும் கொட்டியாரம் என்ற பழம்பெயரையும் அவன் விடாது எழுத நேர்ந்தமை, மண்ணில் எப்பெயர் வழங்கியது என்பதை உணர்த்துகின்றது.

சோழ நாட்டில் வளநாட்டுக்குக் கீழே நூற்றாண்டுகளாக வளர்ந்த நாடும் நாட்டாரும் இருந்தனர். ஈழத்திற் கிடைத்த சோழர் சாசனங்களிலோ பெரும்பாலும் கோயில்களும் பிராமணக் குடியேற்றங்களும் வணிகரும் அதிகாரிகளுமே வெளிப்படுகின்றனர். பயிர்செய்த மக்களோடு ஆட்சியைப் பிணைத்த உயிர்நரம்பு இங்கு அதே அளவில் வேரோடியமைக்குச் சான்றில்லை. சூளவம்சம் சோழராட்சியைக் கொள்ளையாகவே நினைவுகூர்கின்றது. அந்நூல் தோல்வியுற்ற தரப்பின் நோக்கில் எழுதப்பட்டதென்பது உண்மையே. எனினும் சோழ மண்டலத்தில் நாட்டார் வழியாக வந்த ஆணை, இங்கு பெரும்பாலும் படையின் வழியாகவே வந்தது என்பதை மறந்துவிடலாகாது. 1070 ஆம் ஆண்டில் முதலாம் விசயபாகு பொலன்னறுவையைக் கைப்பற்றியதோடு மும்முடிச் சோழ மண்டலம் என்ற ஆட்சிப் பிரிவும் முடிவெய்தியது. கொட்டியாரம் என்ற பெயரோ திருகோணமலைக் குடாவின் தென்புறத்தில் இன்றும் வழங்குகின்றது.

பிணைப்புத் தளர்ந்தபோது

சோழ நாட்டிலும் மேலுக்கும் கீழுக்கும் இடையிலிருந்த சமநிலை நெடுங்காலம் நீடிக்கவில்லை. பன்னிரண்டாம் நூற்றாண்டு தொடக்கம் மத்திய அதிகாரிகள் பற்றிய குறிப்புக்கள் குறையத் தொடங்குகின்றன. பாடிகாவல் உரிமை பெற்ற சிற்றரசர்கள் தத்தம் பகுதிகளில் வலுப்பெற்றனர். காடவர் தலைவனான கோப்பெருஞ்சிங்கன் மூன்றாம் இராசராசனையே 1231 ஆம் ஆண்டளவில் சிறைவைத்தான். அதே காலத்தில் நாட்டார்கள் தம் எல்லைகளைக் கடந்து பெரியநாட்டார், சித்திரமேழிப் பெரியநாட்டார் எனப் பேரவைகளாக ஒன்றுகூடினர். வளநாட்டு நிருவாகம் ஆற்றிய ஒருங்கிணைப்பை நாட்டார் தாமே ஆற்ற முற்பட்டமையின் அடையாளமாக இதனைக் கொள்ளலாம். 1279 ஆம் ஆண்டளவில் சோழ அரசு மறைந்தது. அரச விருதுகளைத் தாங்கிய வளநாடுகளும் அதன்பின் படிப்படியாக வழக்கொழிந்தன.

முடிவுரை

மேற்கூறியவற்றை ஒருங்கு நோக்குமிடத்துச் சில முடிவுகள் பெறப்படும். சோழப் பேரரசு மண்டலம், வளநாடு, நாடு, ஊர் எனப் படிமுறையாக வகுக்கப்பட்டிருந்தது என்று மாத்திரம் கூறிவிடுவது போதாது. அப்படிகள் யாவும் ஒரே கையால் அமைக்கப்பட்டவையல்ல. மண்டலமும் வளநாடும் ஆள்வோரின் தேவைக்காக மேலிருந்து இடப்பட்டவை. ஊரும் நாடும் வாழ்வோரின் தேவையால் கீழிருந்து வளர்ந்தவை. வாழ்வோரின் அமைப்பை அழிக்காது, அதன் மேல் தன் கணக்கையும் ஆணையையும் இசைத்தமையே இராசராசனின் ஆட்சித்திறன். வாழ்வோருள் நிலமுடையோரின் குரலை மட்டுமே கேட்டமை அவ்வமைப்பின் குறை. அவ்விசைவு வேரூன்றாத ஈழத்தில் அவ்வாட்சி ஒரு நூற்றாண்டும் நிலைக்கவில்லை.

ஆகவே, எந்த அரசின் ஆட்சிப் பிரிவுகளை ஆராயப் புகுவோரும் பிரிவுகளின் பெயர்களையும் தொகைகளையும் பட்டியலிடுவதோடு அமையாது, மூன்று வினாக்களை எழுப்புதல் வேண்டும். எல்லையை வகுத்தவர் யார்? அவ்வெல்லைக்குள் அவையிற் பேசியவர் யார்? பேச இடமின்றி உழைப்பை மட்டும் அளித்தவர் யார்? மாதோட்டச் சாசனம் தாழி குமரனின் வளநாட்டையும் நாட்டையும் ஊரையும் நமக்கு அறிவிக்கின்றது. அவனது கோயிலுக்குக் கல் சுமந்தவர்களின் ஊரும் பேரும் அதில் இல்லை. வரலாறு நிறைவுபெறுவதற்கு அவர்களின் முகவரியும் தேடப்படல் வேண்டும் என்க.